தார்யெய் வேசோஸ்: படிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நார்வே நாவலாசிரியர் தார்யெய் வேசோஸைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். 'பறவைகள்' (1957), 'பனி அரண்மனை' (1963) என்ற இரண்டு நாவல்களைச் சுற்றித்தான் பெரும்பாலான பதில்கள் இருக்கும். 'பறவைகள்' நாவலின் முடிவை எங்கேயும் சொல்லவில்லை. 'பனி அரண்மனை'யில் சீக்கிரமே நடந்துவிடுகிற ஒரு விஷயத்தைச் சொல்லாமல் அந்த நாவலைப் பற்றிப் பேசவே முடியாது, அதனால் அதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

யார் இந்த வேசோஸ்?

1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி, நார்வேயின் தெலமார்க் பகுதியில் வின்யெ என்கிற ஊரில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். மூன்று ஆண்பிள்ளைகளில் மூத்தவர். மூத்த மகன்தான் பண்ணையை எடுத்து நடத்த வேண்டும் என்பது அங்கே வெறும் வழக்கமாக மட்டும் இல்லை, அன்று சட்டத்திலேயே இருந்த உரிமை. வீட்டில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர் எடுத்துக்கொள்ளவில்லை, எழுதப் போனார். அந்தக் குற்றவுணர்வு அவரைக் கடைசிவரைக்கும் விடவில்லை.

முதல் புத்தகம் 1923இல் வந்தது. 1934இல் வந்த 'மாபெரும் ஆட்டம்' என்ற நாவலில் பெர் என்று ஒரு சிறுவன் வருகிறான். நீ வாழ்நாள் முழுக்க இந்தப் பண்ணையில்தான் இருக்க வேண்டும் என்று அவனுடைய அப்பா சொல்லிவிடுகிறார், அவனுக்கு அது மூச்சு முட்டுகிறது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மண்ணையும் மாடுகளையும் ஏற்றுக்கொள்கிறான். தான் வேண்டாமென்று விட்டு வந்த வாழ்க்கையை வேசோஸ் அந்தப் பையனை வாழவைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அதே 1934இல் ஹால்டிஸ் மோரென் என்ற கவிஞரைக் கல்யாணம் செய்துகொண்டு, அதே வின்யெயில் மித்பெ என்கிற இன்னொரு பண்ணையில் குடியேறினார். 1970 மார்ச் 15இல் இறக்கும்வரை அவருக்கு அதுதான் வீடு.

'பறவைகள்' எதைப் பற்றிய நாவல்?

மத்திஸுக்கு 37 வயது. மனவளர்ச்சி கொஞ்சம் குறைந்தவன். ஏரிக்கரையில் ஒரு சின்ன வீட்டில் அக்கா ஹேகெயோடு இருக்கிறான். அவளுக்கு இப்போதுதான் 40 ஆகியிருக்கிறது. அவள் கம்பளிச் சட்டை பின்னி விற்கிறாள், அதில்தான் இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நுனி பட்டுப்போன இரண்டு மரங்கள் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் அந்த மரங்களுக்கு மத்திஸ், ஹேகெ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அது மத்திஸுக்கும் தெரியும்.

அவனுக்கு வேலை செய்ய வராது. செய்ய ஆசை இல்லாமல் இல்லை. ஒரு நாள் ஒரு பண்ணையில் டர்னிப் நாற்றைக் கலைத்துவிடுகிற வேலைக்குப் போகிறான். ஆளுக்கொரு வரிசை. பக்கத்தில் ஒரு இளம் காதல் ஜோடியும் வேலை செய்கிறது. மத்திஸ் நன்றாகத்தான் ஆரம்பிப்பான், கொஞ்ச நேரத்தில் நினைப்பு எங்கோ போக, விரல் எதைப் பிடுங்குவது எதை விடுவது என்று தடுமாற, மற்றவர்கள் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்கள், இவன் நடுவிலேயே உட்கார்ந்திருப்பான். யாரும் திட்டவில்லை. எல்லோரும் அவனிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள், அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. நாவலின் மிக வேதனையான பகுதிகளில் இது ஒன்று, ஆனால் அதில் ஒரு கொடுமைக்காரன்கூடக் கிடையாது.

ஒரு மாலை, வீட்டுக் கூரைக்கு மேலே ஒரு காட்டுப்பறவை பறந்து போகிறது. இதுவரை அந்தப் பாதையில் பறக்காத பறவை. மத்திஸுக்கு அது தன் வாழ்க்கையே மாறப்போவதற்கான அறிகுறி. ஓடிப்போய் அக்காவை எழுப்பிச் சொல்கிறான். நாள் முழுக்கப் பின்னிய களைப்பில் கிடப்பவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. இதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்.

அது என்ன பறவை?

ஆங்கிலத்தில் 'வுட்காக்' என்பார்கள், உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுப்பறவை. சருகு நிறம், நீளமான அலகு. தரையில் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. வசந்த காலத்தில் அந்தி மயங்கும்போதும் விடிவதற்கு முன்பும், ஆண் பறவை மரங்களுக்கு மேலே ஒரு தடம் பிடித்துக் கரகரவென்று குரல் கொடுத்துக்கொண்டே பறக்கும். இதே இனம் குளிர்காலத்தில் நம்முடைய நீலகிரி மலைகள்வரைக்கும் வந்து தங்குகிறது.

மத்திஸ் காட்டில் அந்தப் பறவையைத் தேடிப்போகிறான். பறவை இல்லை. காய்ந்துபோன சேற்றில் அதன் கால்தடமும் அலகு குத்திய புள்ளிகளும் மட்டும் இருக்கின்றன. அவன் அதைத் தனக்கு எழுதிய கடிதமாக எடுத்துக்கொள்கிறான், வாசிக்கிறான், ஒரு குச்சியை எடுத்துப் பக்கத்திலேயே பதில் எழுதுகிறான். மறுபடி வந்து பார்த்தால் புதிதாகப் புள்ளிகள் இருக்கின்றன. இந்த இடத்தை வேறொரு எழுத்தாளர் தொட்டிருந்தால் நம்மைச் சிரிக்க வைத்திருப்பார், இல்லையென்றால் பரிதாபப்பட வைத்திருப்பார். வேசோஸ் இரண்டையும் செய்யவில்லை. மத்திஸுக்கு அந்தக் கடிதப் போக்குவரத்து எவ்வளவு நிஜமோ அவ்வளவு நிஜமாகவே எழுதிவிட்டுப் போகிறார், அதனால் நாமும் அடுத்த நாள் சேற்றில் என்ன இருக்கும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

தனிமையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இவர் மட்டும் என்ன விசேஷம்?

இவருடைய ஆட்கள் ஆளில்லாத இடத்தில் இல்லை. மத்திஸுக்குப் பாசமான அக்கா இருக்கிறாள், வேலை கொடுக்கிற விவசாயிகள் இருக்கிறார்கள், கடைக்காரர் இருக்கிறார். 'பனி அரண்மனை'யில் வரும் சிறுமிக்கு நல்ல சித்தி இருக்கிறாள், பள்ளிக்கூடம் முழுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்புறம் ஏன் தனிமை? அவர்களிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது, அவர்கள் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய விஷயம் அதுதான், அதை வாங்கிக்கொள்ள அந்த நேரத்தில் ஒருவரும் தயாராக இல்லை. ஒருத்தி தூங்க வேண்டியிருக்கிறது, ஒருத்தி பயந்துவிடுகிறாள், ஒருவருக்கு அவசரம். யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் வேசோஸ் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறார் என்பது என் அபிப்பிராயம். கொடூரமான சமூகம், பாவப்பட்ட தனிமனிதன் என்று பிரித்து எழுதுவது சுலபம். நல்லவர்கள் நடுவிலேயே ஒருவன் கேட்பாரில்லாமல் போவதை எழுதுவது எவ்வளவு கஷ்டம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பறவைகள்' முழுக்க மத்திஸின் தலைக்குள்ளிருந்துதான் நடக்கிறது. ஊர் அவனை வெளியிலிருந்து பார்க்கிறது, நமக்கு உள்ளே இடம் கிடைக்கிறது. உள்ளே போனால் அங்கே குறைவு என்று எதுவுமே தெரியவில்லை. இடி என்றால் உயிர் போகிற பயம், இடி இடித்தால் ஓடிப்போய்க் கொல்லைக் கழிவறைக்குள் ஒளிந்துகொள்வான். கழிவறையில் மின்னல் விழுந்ததாக யாருமே கேள்விப்பட்டதில்லை என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஹேகெயைப் பற்றி ஏன் யாரும் அதிகம் பேசுவதில்லை?

எனக்கும் இது ரொம்ப நாளாக இருக்கிற ஆதங்கம். மத்திஸை ஊர் கவனிக்காமல் விட்டது என்று நாம் வருத்தப்படுகிறோம், சரி. அதே புத்தகத்தில் நாமே கவனிக்காமல் விடுகிற ஒரு ஆள் இருக்கிறாள். தம்பியை வைத்துக் காப்பாற்றுவதிலேயே நாற்பது வயதாகிவிட்டது, முடி நரைக்கத் தொடங்கியிருக்கிறது, கல்யாணம் இல்லை, வீட்டை விட்டு எங்கும் போனதில்லை. கதை மத்திஸின் கண் வழியாக வருவதால் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பது நமக்கு வருவதே இல்லை. சில ராத்திரிகளில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், ஏனென்று மத்திஸுக்குத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்!

மத்திஸைச் சும்மா இருக்கவிடாமல் வைக்க அவள்தான் ஒரு யோசனை சொல்கிறாள்: ஏரியில் படகு விடு, ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த ஏரியைக் கடக்க வேண்டிய ஆள் யாருமே இல்லை. இருந்தும் மத்திஸ் தினமும் துடுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். இந்த ஒரு வேலைதான் அவனுக்கு நேராக வருகிறது. தண்ணீரில் படகு போட்ட கோடு கோணாமல் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துப் பெருமைப்படுகிறான். கடைசியில் ஒரே ஒரு பயணி கிடைக்கிறான், யோர்கன் என்கிற மரம்வெட்டி. அவனைத் தன் கையாலேயே வீட்டுக்குக் கூட்டிவருகிறான் மத்திஸ். யோர்கனும் ஹேகெயும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குகிறார்கள்.

இந்த இடத்தில் வாசகருக்கு நெஞ்சு இரண்டாகப் பிளந்துவிடும். மத்திஸுக்காகப் பதறிக்கொண்டே, ஹேகெக்கு இப்போதாவது ஒரு வாழ்க்கை கிடைக்கட்டும் என்றும் வேண்டிக்கொள்கிறோம். இரண்டும் சேர்ந்து நடக்க வழி இல்லை. இரண்டாவது முறை படிக்கும்போது மத்திஸை விட்டுவிட்டு ஹேகெ பேசுகிற இடங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட வேறொரு நாவலாகவே தெரியும்.

'பனி அரண்மனை' குழந்தைகளுக்கான புத்தகமா?

இல்லை. குழந்தைகளைப் பற்றியது. சிஸ் என்ற பதினொரு வயதுப் பெண். வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தவள், தலைவி மாதிரி. உன்ன் என்று இன்னொரு பெண் புதிதாக வருகிறாள். அம்மா இறந்துபோய் சித்தி வீட்டுக்கு வந்தவள். பள்ளி முற்றத்தில் மற்ற பிள்ளைகளோடு சேராமல் தனியாக நிற்கிறாள். ஒரு குளிர்கால மாலையில் சிஸ் அவள் வீட்டுக்குப் போகிறாள். போகிற வழியில் இருட்டு, ஏரியில் பனி இறுகும் சத்தம் வெடிபோல் கேட்கிறது. அறைக்குள் இரண்டு பேரும் ஒரே கண்ணாடியில் சேர்ந்து முகம் பார்க்கிறார்கள். உன்ன் ஏதோ சொல்ல வருகிறாள், தான் சொர்க்கத்துக்குப் போவேனா என்று தெரியவில்லை என்கிறாள். சிஸ் பயந்து வீட்டுக்கு ஓடிவிடுகிறாள்.

மறுநாள் சிஸ் முகத்தைப் பார்க்க உன்னுக்குக் கூச்சம். பள்ளிக்குப் போகாமல், உறைந்துபோன ஓர் அருவியைப் பார்க்கப் போகிறாள். அருவி மேலேயிருந்து கீழ்வரை உறைந்து, அறை அறையாக, தூண் தூணாக ஒரு மாளிகைபோல் நிற்கிறது. உள்ளே போகிறாள். ஒரு அறையிலிருந்து அடுத்த அறை, அங்கிருந்து இன்னொன்று. திரும்பி வரவில்லை. ஒரே அத்தியாயம், சில பக்கங்கள்தான், அதைப் படித்துவிட்டு உடனே அடுத்த பக்கத்தைத் திருப்ப யாராலும் முடியும் என்று நான் நம்பவில்லை.

மிச்ச நாவல் சிஸ்ஸைப் பற்றியது. பெரியவர்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்று, அன்று ராத்திரி உன்ன் என்ன சொன்னாள், சொல்லு சொல்லு என்று கேட்கிறார்கள். அவளுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அதை யாரும் நம்பவில்லை. உன்னை மறக்கவே மாட்டேன் என்று தோழிக்கு மனதுக்குள் சத்தியம் செய்துகொள்கிறாள். பள்ளி முற்றத்தில் உன்ன் நின்ற அதே இடத்தில் போய்த் தனியாக நிற்கத் தொடங்குகிறாள். புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு உன்ன் உட்கார்ந்திருந்த காலி மேசையைக் கொடுக்கப் பார்க்கிறார்கள், சிஸ் விடவில்லை. கடைசியில் அவளை மெதுவாகப் பேசி மீட்பது யார் தெரியுமா? எல்லோரையும்விட அதிகம் இழந்த அந்தச் சித்திதான்.

உன்ன் சொல்ல வந்தது என்ன?

புத்தகத்தில் இல்லை. கடைசிவரை இல்லை. இணையத்தில் ஆளுக்கு ஒரு ஊகம் சொல்வார்கள், எனக்கு அதில் ஆர்வம் கிடையாது. அது என்னவென்று தெரிந்துவிட்டால் சிஸ்ஸின் பாரம் நம்மிடமிருந்து இறங்கிவிடும். வேசோஸ் அதை இறக்க விரும்பவில்லை.

ரொம்பச் சோகமாக இருக்குமா? மனசு சரியில்லாதபோது படிக்கலாமா?

சோகம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் 'பறவைகள்' நாவலில் என்னைப் பொறுத்தவரை உலக இலக்கியத்தின் மிகச் சந்தோஷமான பகுதிகளில் ஒன்றும் இருக்கிறது. மத்திஸின் ஓட்டைப் படகு தண்ணீர் ஏறி ஒரு பாறைத் தீவில் ஒதுங்குகிறது. விடுமுறைக்கு வந்த ஆனா, இங்கர் என்ற இரண்டு பெண்கள் அங்கே வருகிறார்கள். அவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. அவன் தன் பெயரைக்கூட மாற்றிச் சொல்லிவிடுகிறான். அந்தப் பகல் முழுக்க அவன் ஊர் அறிந்த மத்திஸாக இல்லாமல், வெயிலில் இரண்டு பெண்களோடு உட்கார்ந்து பேசுகிற ஒரு சாதாரண மனிதனாக இருக்கிறான். அவர்களும் கேலி இல்லாமல் பழகி, அவனை மரியாதையாகக் கரைக்குக் கூட்டிவருகிறார்கள், ஊரே பார்க்கிறது. பிறகு நாவல் எங்கே போனாலும் இந்த ஒரு நாளை அவனிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. மனம் மிகவும் நொந்திருக்கிற சமயம் என்றால் 'பனி அரண்மனை'யைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், முக்கியமாகக் குழந்தையைப் பறிகொடுத்தவர்கள்.

ஹிட்ச்காக் படத்துக்கும் இந்தப் 'பறவைக'ளுக்கும் சம்பந்தம் உண்டா?

கிடையாது. அது டாஃப்னி டு மாரியரின் கதை. வேசோஸின் நாவலைப் போலந்து இயக்குநர் விட்டோல்ட் லெஷ்சின்ஸ்கி 1960களின் கடைசியில் படமாக எடுத்தார். 'பனி அரண்மனை' 1987இல் நார்வேயில் படமானது, இயக்கியவர் பெர் புளூம்.

அவர் எழுதியது சாதாரண நார்வே மொழியா, வேறேதுமா?

நார்வேஜிய மொழிக்கு எழுத்து வடிவம் இரண்டு, இரண்டுக்கும் அரசு அங்கீகாரம் உண்டு. பெரும்பாலானோர் எழுதுவது பூக்மோல். இன்னொன்று நூநோஷ்க். 19ஆம் நூற்றாண்டில் ஈவார் ஓசென் என்பவர் ஊர் ஊராக நடந்து கிராமத்துப் பேச்சு வழக்குகளைச் சேகரித்து, அதிலிருந்து உருவாக்கியது. எழுதுகிறவர்கள் சிறுபான்மைதான். வேசோஸ் கடைசிவரை அதில்தான் எழுதினார். தலைநகரத்து வரவேற்பறைப் பேச்சு அல்ல, வின்யெ மாதிரி ஊர்களில் ஆட்கள் பேசிய பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கிற மொழி. டர்னிப் வயலில் மத்திஸ் யோசிப்பது அந்த வாக்கியங்களில்தான். 2023இல் நோபல் வாங்கிய யோன் ஃபோஸ்ஸெவும் நூநோஷ்க்கில்தான் எழுதுகிறார்.

வேசோஸுக்கு நோபல் கிடைத்ததா?

இல்லை. பலமுறை பரிந்துரைக்கப்பட்டார். 'பனி அரண்மனை'க்கு 1964இல் நோர்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, முதல் புத்தகம் எழுதுகிற இளைஞர்களுக்காக ஒரு பரிசை ஏற்படுத்தினார். நார்வே எழுத்தாளர் சங்கம் இன்றும் வருடாவருடம் அதைக் கொடுக்கிறது.

ஸ்காண்டிநேவிய நாவல் தமிழுக்குப் புதிதா?

துளியும் இல்லை. எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளருமான க.நா.சு. இந்த வேலையை எப்போதோ தொடங்கிவிட்டார். க்னுட் ஹாம்சனின் 'நிலவளம்', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி' மூன்றும் அவர் தமிழில் தந்தவை, இன்றும் பேசப்படுகிறவை. ஆரம்ப கால வேசோஸ் லாகர்லெவையும் ஹாம்சனையும் படித்து வளர்ந்தவர்தான். 'நிலவளம்' படித்துவிட்டு 'பறவைக'ளுக்கு வந்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: ஹாம்சனின் ஐசக் காட்டைத் திருத்தி நிலமாக்குகிறான், அவன் உடம்பின் வலிமைதான் அந்த நாவலின் முதுகெலும்பு. வேசோஸ் அதே மாதிரி மண்ணில், ஒரு வரிசை டர்னிப்பை முடிக்க முடியாதவனை நிறுத்துகிறார்.

எதிலிருந்து தொடங்குவது? ஆங்கிலம் கஷ்டமா?

'பறவைகள்' முதலில். ஆங்கிலத்தில் 'தி பேர்ட்ஸ்' என்ற பெயரில் டோர்பியோர்ன் ஸ்டோவெரூட், மைக்கேல் பார்ன்ஸ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. 'தி ஐஸ் பேலஸ்' எலிசபெத் ரோக்கன் மொழிபெயர்த்தது. இரண்டும் பெங்குவின் மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையில் இருக்கின்றன. வாக்கியங்கள் சின்னவை, வார்த்தைகள் எளிமையானவை, அகராதி அதிகம் தேவைப்படாது. வேகமாகப் படிப்பவர்கள்தான் சிரமப்படுவார்கள், ஏனென்றால் முக்கியமானது பல சமயம் சொல்லப்படாமலேயே தாண்டிப் போய்விடும். போர்க்காலத்து வேசோஸ் வேண்டுமென்றால் 1940இல் வந்த 'விதை': ஒரு தீவில் ஒரு கொலை, கொன்றவனை ஊரே கூடித் துரத்திப்போய்க் கொல்கிறது, அப்புறம் அதே ஊர் செய்துவிட்டதை வைத்துக்கொண்டு விழிக்கிறது. அவர் இருக்கும்போது வந்த கடைசிப் புத்தகமான 'மாலைப் படகு' (1968) பாதி நினைவு, பாதி கவிதை. அதைக் கடைசியாகவே படியுங்கள்.

இவரைப் பிடித்துவிட்டால் அடுத்து யார்?

ராய் யாகப்சன். 1982இல் வேசோஸ் பெயரிலான அந்த முதல் புத்தகப் பரிசை வாங்கியவர். நார்வே கடலோரத்தில் ஒரே ஒரு குடும்பம் மட்டும் வாழும் சின்னத் தீவைப் பற்றிய அவருடைய நாவல் ஆங்கிலத்தில் 'தி அன்சீன்' என்று வந்து, 2017இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசின் இறுதிப் பட்டியல்வரை போனது. டென்மார்க் பக்கம் போக விரும்பினால் டோவெ டிட்லவ்சென். கோபன்ஹேகனின் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்த தன் கதையையே மூன்று சிறு புத்தகங்களாக எழுதியிருக்கிறார். அவர் நகரத்து ஆள், வேசோஸின் காடும் ஏரியும் அங்கே இருக்காது. ஆனால் கவிதை எழுதுகிற ஒரு சின்னப் பெண் அதை வீட்டில் யாரிடமும் காட்ட முடியாமல் ஒளித்து வைத்திருப்பது முதல் பாகத்திலேயே வரும்.